ஈரம் படாத கம்பளம்

"நான் ஒரு கம்பளத்தைக் கொன்னுட்டேனாம் மேடம். போலீசுக்குப் போறேங்கிறாங்க."

வந்து உட்கார்ந்ததும் செல்வாம்பாள் சொன்ன முதல் வார்த்தை இதுதான். தமிழ்மாறன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பாடி எங்க இருக்கு?" என்று கேட்டான்.

நிர்மலாதேவி அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. புதுச்சேரி கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷம் சுருக்கெழுத்து எழுதியவர் அவர். ஊரில் உள்ளவர்கள் கூண்டில் ஏறிச் சொன்ன பொய்யையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் குறிப்பெடுத்துக் குறிப்பெடுத்து, கடைசியில் யார் எந்த இடத்தில் எச்சில் விழுங்குவார்கள் என்பதுவரை மனப்பாடமாகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு மிஷன் வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் திறந்தார். தமிழ்மாறன் அதற்கு முன்னால் டூரிஸ்ட் கைடு. வெள்ளைக்காரர்களுக்கு இல்லாத சரித்திரத்தைச் சொல்லியே நாற்பது வயதை எட்டியவன். ஒருவர் பொய்யைக் கேட்டவர், மற்றவன் சொன்னவன். நிலையம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லும்மா. என்ன தொழில் பண்ற?"

"தரைக் கம்பளம் சுத்தம் பண்றேன் மேடம், ஈரம் இல்லாம. முன்னாடி சேதராப்பட்டுல கம்பெனி வேலை. மூணு வருஷமா சொந்த மெஷின்."

"ஈரம் இல்லாமன்னா? உதறியா?" என்றான் தமிழ்மாறன்.

செல்வாம்பாளுக்கு அந்தக் கவலையிலும் தொழிலைப் பற்றிக் கேட்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஒரு தூள் இருக்குண்ணே. சோளக்கதிர் சக்கைய அரைச்சு, அழுக்கெடுக்கிற மருந்துல லேசா பிசிறினது. தொட்டா கையில ஒட்டாது. அதைக் கம்பளத்து மேல தூவிட்டு மெஷின ஓட்டுவேன். அடியில ரெண்டு உருளை பிரஷ். ஒண்ணு இந்தப் பக்கம் சுத்தும், இன்னொண்ணு எதிர்ப்பக்கம் சுத்தும். படுத்துக் கிடக்கிற முடியெல்லாம் எழுந்து நிக்கும், தூள் வேர் வரைக்கும் இறங்கும். அரை மணி நேரம் விட்டா அழுக்கை அதுவே குடிச்சிடும். வேக்குவம் வச்சு உறிஞ்சிட்டா வேலை முடிஞ்சுது. உடனே நடக்கலாம். சொட்டுத் தண்ணி கிடையாது."

"அப்புறம் எப்படிச் செத்துச்சு?"

"அதான் எனக்கும் தெரியல. துமாஸ் வீதியில மொசியே கன்னியப்பன் வீடு. இப்ப அது தங்கற விடுதி. செவ்வாக்கிழமை கூடத்துக் கம்பளத்தை முடிச்சேன். மறுநாள் ரூமெல்லாம் பண்ணணும்னு மெஷின அங்கேயே விட்டுட்டு வந்தேன். காலையில போனா கேட்டுலயே நிறுத்திட்டாங்க. மேனேஜர் விக்ரம் போன்ல ஒரு போட்டோ காட்டறாரு. சாயம் மொத்தமும் வழிஞ்சு, துணிக்கடை எரிஞ்சு அணைஞ்ச மாதிரி இருக்கு. 'நீதான் தண்ணி ஊத்தினே'ங்கிறாரு. மெஷின ஸ்டோர் ரூம்ல பூட்டி வச்சுட்டாங்க."

போட்டோவை விடுதிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டிருந்தார்கள். நேற்று மாலைக்குள் மூன்று விடுதிகள் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டன. 'என் கவனக்குறைவால் கம்பளம் பாழானது' என்று எழுதிய தாளில் இன்று நாலு மணிக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மெஷின் கிடைக்கும். போடாவிட்டால் போலீஸ்.

"நாலு மணிக்குள்ளயா?" என்றார் நிர்மலாதேவி.

"ஆமா மேடம். நாலுன்னா நாலு. அஞ்சு நிமிஷம் தாண்டக் கூடாதாம்."

"போலீஸ் ஸ்டேஷன் நாலு மணிக்கு மூட மாட்டாங்களே. சரி, மாறா, வண்டிய எடு."

அப்போது மணி இரண்டேகால்.

* * *

மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல், சுவருக்கு மேலே காகிதப்பூ. கைடு வேலை பார்த்த காலத்தில் தமிழ்மாறன் இந்த வாசலில் நின்றுதான், 'இங்கே ஒரு கவர்னரின் காதலி நிலவில் வீணை வாசித்தாள்' என்று அளந்துவிடுவான். இப்போது அதே கதை பித்தளைப் பலகையில் மூன்று மொழியில் பொறிக்கப்பட்டுக் கதவில் தொங்கியது. அவனுக்கு ஒரே நேரத்தில் பெருமையாகவும் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

விக்ரம் வாசலுக்கே வந்தான். முப்பது வயதிருக்கும். எண்ணெய் வைத்துத் தூக்கி வாரிய தலை, கல்லில் செதுக்கியதுபோல் அசையாமல் நின்றது.

"டிடெக்டிவா? ஒரு கம்பளத்துக்கா?"

"மனுஷங்க கேஸ் வர்ற வரைக்கும் இதை வச்சுத்தான் ஓட்டறோம்," என்றான் தமிழ்மாறன்.

கூடத்தில் கம்பளம் கிடந்தது. சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று கலந்து ஓடி, எது பூ, எது கொடி என்று தெரியவில்லை. இன்னும் ஈரம். நனைந்த ஆட்டுமந்தை வாடை. தமிழ்மாறன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

செல்வாம்பாள் அதைச் சுற்றி ஒருமுறைகூட வரவில்லை. ஒரே பார்வைதான். "மேடம், இது அது இல்ல."

"குத்தம் பண்ணவங்க வேற எப்படிச் சொல்லுவாங்க?" என்றான் விக்ரம். "மொசியேவே பார்த்துட்டு, இதுதான் எங்கப்பா சைகோன்லேர்ந்து கொண்டுவந்த கம்பளம்னு அழுதாரு. பிரஷர் ஏறி மாடியில படுத்திருக்காரு."

நிர்மலாதேவி கம்பளத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பழைய சிவப்பு சிமெண்ட் தரை. ஜன்னல் வெயில் பட்ட இடமெல்லாம் வெளிறி, நடுவில் மட்டும் நீள்சதுரமாக அடர்ந்த சிவப்பு. பல வருஷமாகக் கம்பளம் மூடிக் காத்த இடம். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஓரத்தில் அடிமேல் அடி வைத்து நடந்தார். பிறகு கம்பளத்தின் ஓரத்தில் அதேபோல் நடந்தார்.

"கம்பளம் ஒரு முழம் குறையுது."

"நனைஞ்சா சுருங்கும் மேடம். கம்பளி," என்றான் விக்ரம்.

"ஒரு முழம் சுருங்கினா அது கம்பளம் இல்ல சார், பனியன்," என்றான் தமிழ்மாறன்.

விக்ரம் முறைத்தான். ஆனால் சுருங்காது என்று நிரூபிக்க அவர்கள் கையிலும் ஒன்றுமில்லை. நிர்மலாதேவி செல்வாம்பாள் பக்கம் திரும்பினார்.

"நீ போட்ட தூளை முழுசா உறிஞ்சிடுவியா?"

"எவ்வளவு உறிஞ்சினாலும் வேருல ஒரு சிட்டிகை தங்கும் மேடம். ஒரு வாரம் வரைக்கும் நடக்க நடக்க உதிரும். பெருக்கறவங்க என்னைத் திட்டுவாங்க."

"தம்பி, சீப்பு இருக்கா?"

விக்ரம் தயங்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தான். நிர்மலாதேவி மண்டியிட்டு, கம்பளத்தின் முடியைப் பேன் பார்ப்பதுபோல வகிடெடுத்து வகிடெடுத்துப் பார்த்தார். நடுவில், ஓரத்தில், நாலு மூலையிலும். தமிழ்மாறனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். அழுக்கு இருந்தது. ஒரு மல்லிகைக் காம்பு, யாருடையதோ நகத்துண்டு. தூள் ஒரு மணிகூட இல்லை.

"தண்ணியில கரைஞ்சிருக்கும்," என்றான் விக்ரம்.

"சோளச் சக்கை சார் அது," என்றாள் செல்வாம்பாள். "உப்புக் கல்லா கரையறதுக்கு? ஊறினா இன்னும் உப்பிப் பெருசா தெரியும்."

விக்ரம் எச்சில் விழுங்கினான். நிர்மலாதேவி சீப்பைத் துடைத்து அவனிடமே நீட்டினார். அவன் வாங்கவில்லை.

தமிழ்மாறனுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. நிர்மலாதேவியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தான். "மேடம், முடிஞ்சுது. இவன் அசலை வித்துட்டான். வேற ஏதோ ஓட்டைக் கம்பளத்தை நனைச்சுப் போட்டு இந்தப் பொண்ணு தலையில கட்டறான். கொல்லைக் கதவு வழியா வண்டியில ஏத்தியிருப்பான். நான் போய்த் தெருமுனை இஸ்திரிக்காரரை விசாரிச்சுட்டு வந்துடறேன்."

"போய்ட்டு வா."

போய்விட்டு வந்தான். இஸ்திரிக்காரர் முருகையன் இரண்டு நாளாக ராத்திரியும் பகலும் அங்கேயேதான் இருக்கிறாராம். காய்கறிக்காரர் வந்தார், கேஸ் சிலிண்டர் வந்தது, கம்பளம் எதுவும் வெளியே போகவில்லை. அந்த வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தே நாலு வருஷமாகிறது, துருப்பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டது என்றார். தமிழ்மாறன் வாடிப்போய்த் திரும்பியபோது நிர்மலாதேவி சமையல்கட்டு வாசலில் நின்று, வீடு பெருக்கும் ஆதிலட்சுமியோடு வாழைப்பூ ஆய்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"மாறா, வா. அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. நீங்களே சொல்லுங்கம்மா."

ஆதிலட்சுமி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "என்னத்த சொல்றது? அந்தப் பொண்ணு போட்ட தூளு செவ்வாக்கிழமை சாயங்காலம் கூடத்துல கொஞ்சம் கிடந்துச்சு. பெருக்கிட்டேன். மறுநா காலையில பார்த்தா மறுபடியும் கிடக்கு. சனியன், எத்தினி வாட்டி பெருக்கறது?"

"எங்க கிடந்துச்சு?"

"மாடிப்படியில. ஒவ்வொரு படியிலயும்."

தமிழ்மாறன் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தான்.

"திருடன் தெருவுக்குப் போவான்," என்றார் நிர்மலாதேவி. "மாடிக்கு எதுக்குப் போறான்?"

* * *

மாடியில் ஒரே ஒரு அறை, மொசியே கன்னியப்பனுடையது. சின்ன வயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தவர், ஊரார் இன்னும் சொல்தா, அதாவது சிப்பாய் என்றுதான் சொல்வார்கள். பிறகு துலூஸில் முப்பது வருஷம். எழுபத்திநாலு வயதில் ஆள் குள்ளமாக, நரைத்த மீசையோடு, கொசுவலை கட்டிய தேக்குக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரத்துணி. நாலு பேரும் நுழைந்ததும் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முனகினார்.

"மோன் தியூ, கடவுளே! இந்தப் பொம்பளைய எதுக்கு மேல கூட்டியாந்தீங்க? விக்ரம், கையெழுத்து வாங்கினியா?"

"இன்னும் இல்ல மொசியே," என்றான் விக்ரம். அவன் குரல் கீழே இருந்ததைவிடப் பாதியாகியிருந்தது.

"மொசியே, கீழ வந்து ஒரே ஒரு தடவை கம்பளத்தைப் பார்த்துச் சொன்னீங்கன்னா..." என்று ஆரம்பித்தார் நிர்மலாதேவி.

"நோன்! எறங்க மாட்டேன். டாக்டர் கட்டிலை விட்டு எறங்கக் கூடாதுன்னாரு. நேத்துலேர்ந்து நான் எறங்கவே இல்ல."

தமிழ்மாறன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டில் விளிம்பில் அவர் கால் இரண்டும் தரையைத் தொடாமல் தொங்கின. பேசும்போது பள்ளிக்கூடப் பிள்ளைபோல் முன்னும் பின்னும் ஆடின. கட்டிலுக்குக் கீழே ஒரு ஸ்டூல். அவனால் வாயை அடக்க முடியவில்லை.

"டாக்டர் சொல்லலைன்னாலும் எறங்க முடியாது போலிருக்கே மொசியே. சொந்தக் கட்டில்ல ஏறவே ஸ்டூல் வேணுமா? போன வாரம் வாங்கின கட்டிலா?"

"முட்டாள்! இது எங்கப்பா கட்டில். ஊர்ல இருந்தா எப்பவும் இதுலதான்..."

அவர் பாதியில் நிறுத்தினார். கால்களும் ஆடுவதை நிறுத்தின. நிர்மலாதேவி மெல்லத் தமிழ்மாறன் பக்கம் திரும்பினார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவன் ஜோக்குக்கு அவர் சிரித்தார்.

ஆனால் அவர் நகர்வதற்கு முன்பே செல்வாம்பாள் நகர்ந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. நேரே போய்க் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, மெத்தைக்கு அடியில் முழங்கை வரை கையை நுழைத்தாள். "ஏய், நோன், நோன்!" என்று கிழவர் கத்தினார். அவள் கையை வெளியே எடுத்து எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் வெளிர்மஞ்சளாக ஒரு சிட்டிகை தூள்.

"நாலா மடிச்சு வச்சிருக்கீங்க," என்றாள். "முடி எல்லாம் நசுங்கிப் போயிருக்கும். நாலு மணி நேரம் மண்டிபோட்டு நிமித்தி வச்சேன் மொசியே."

கிழவர் தலையிலிருந்த ஈரத்துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"விக்ரமை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சொன்னேன், அவன் தூக்கினான்."

"கீழ கிடக்கிறது?" என்று கேட்டார் நிர்மலாதேவி.

"மூணாம் நம்பர் ரூம் கம்பளம். தோட்டத்துக் குழாயில நனைச்சோம்," என்றான் விக்ரம்.

"எதுக்கு மொசியே? உங்க கம்பளத்தை நீங்களே திருடி, உங்க மெத்தைக்குக் கீழ நீங்களே வச்சுக்கிட்டு?"

கன்னியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. "நாலு மணிக்கு எங்கக்கா அமிர்தவல்லி வர்றா. லியோன்லேர்ந்து. பன்னெண்டு வருஷம் கழிச்சு. 'வீட்டுல எனக்கு வேணும்னு ஒரே ஒரு பொருள் இருக்கு, வந்து எடுத்துக்கறேன்'னு எழுதியிருந்தா. அப்பா சாமான்ல ரெண்டு பேருக்கும் பாதின்னு நொத்தேர்கிட்ட உயில் எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு. இந்த வீட்டுல அவ கேக்கற மாதிரி வேற என்ன இருக்கு? அவகிட்ட நான் என்னைக்கு முடியாதுன்னு சொல்லியிருக்கேன்? செத்துப்போச்சுன்னா கேக்க மாட்டாள்ல. அதுக்கு ஒரு அத்தாட்சி வேணும். அதான் நாலு மணிக்குள்ள..."

"அதுக்கு என் பேரா கிடைச்சுது?" என்றாள் செல்வாம்பாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுபத்திநாலு வயது முகம், அக்காவிடம் மாட்டிக்கொண்ட பையனின் முகமாக இருந்தது. தமிழ்மாறனுக்கு ஒரு கணம் பாவமாகக்கூடத் தோன்றியது. செல்வாம்பாளின் கையைப் பார்த்ததும் அது போய்விட்டது. பிரஷ் மெஷினைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை.

"போலீசுக்குப் போகலாம்," என்றான் அவளிடம். "பொய்ப் புகார் கொடுக்கப் பார்த்தாங்கன்னு. இந்தத் தடவை நாம போவோம்."

"எனக்கு ஸ்டேஷன் வேணாண்ணே. எந்தக் குரூப்புல என் பேரைக் கெடுத்தாங்களோ, அந்தக் குரூப்புல அவரே பேசணும். இப்பவே."

விக்ரம் குரல்பதிவை அழுத்திப் போனை நீட்டினான். கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொன்ழூர்... ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு..." என்று ஆரம்பித்தார்.

"சின்னத் தவறு இல்ல," என்றாள் செல்வாம்பாள். "அழிச்சுட்டுப் பேசுங்க."

இரண்டாம் முறை, "புரிதல் குறைபாடு காரணமாக" என்றார். அதையும் அழிக்க வைத்தாள். மூன்றாம் முறைதான் சரியாக வந்தது. 'செல்வாம்பாள் கம்பளத்தைக் கெடுக்கவில்லை. நான் பொய் சொன்னேன். அவர் வேலை சுத்தம்.' அதையே பிரெஞ்சிலும் ஒருமுறை சொல்லச் சொன்னார் நிர்மலாதேவி. குரூப்பில் இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் விடுதியும் இருந்தது.

அனுப்பி முடித்தபோது கீழே கார்க் கதவு அறையும் சத்தம். சென்னையிலிருந்து வரும் காலாப்பட்டுச் சாலையில் கூட்டமே இல்லையாம், அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார் அமிர்தவல்லி. எழுபத்தெட்டு வயது, வெட்டிய தலைமுடி, பருத்திப் புடவை, காலில் ஓட்டப்பந்தய ஷூ. மாடிப்படியில் ஏறும்போதே குரல் முன்னால் வந்தது.

"டேய் கன்னி! கூடத்துல என்னடா ஆடு செத்துக் கிடக்கு?"

கன்னியப்பன் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து, ஸ்டூல் தவறி, விக்ரம் தோளில் விழுந்தார். மெத்தை சரிந்தது. அடியில் நாலாக மடித்த சைகோன் கம்பளம், மாதுளை நிறத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

அமிர்தவல்லி அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ச்சீ, இதை இன்னுமா வச்சிருக்க? அப்பா சுருட்டுச் சாம்பலையெல்லாம் இதுலதான் தட்டுவாரு. இதுல உக்காந்து பாடம் படிச்சு நான் எத்தனை தடவை வாந்தி எடுத்திருக்கேன்!"

"அக்கா... அப்ப... நீ கேட்ட அந்த ஒரு பொருள்..."

"அம்மாவோட முறுக்கு அச்சுடா. மரத்துல இருக்குமே. லியோன்ல எங்க கிடைக்குது? பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கினேன், ரெண்டாம் முறுக்குலயே உடைஞ்சுபோச்சு. எங்க அது, அடுப்பங்கரையிலயா?"

தமிழ்மாறன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்குவதை மறைக்க வேறு வழியில்லை. அக்காள் அதற்குள் குனிந்து, கம்பளத்தின் மடிப்பை முகர்ந்து பார்த்தார்.

"ஆச்சரியமா இருக்கே. நாத்தமே இல்ல. யார் சுத்தம் பண்ணது?"

"நான்தாம்மா," என்றாள் செல்வாம்பாள்.

"தண்ணி போட்டா?"

"சொட்டு கிடையாதும்மா."

ஸ்டோர் ரூம் திறந்தது. மெஷினைத் தமிழ்மாறன்தான் தூக்கி வந்தான். பார்க்கப் புல்வெட்டும் வண்டியின் தங்கச்சி மாதிரி இருந்தது, கனம் முதுகைப் பிடித்தது. செல்வாம்பாள் தரையில் அதைச் சாய்த்து, இரண்டு பிரஷ்ஷையும் விரலால் சுற்றிப் பார்த்து, கைப்பிடியை மடக்கி, ஸ்கூட்டரின் முன்பலகையில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டினாள்.

மாடி ஜன்னலில் கன்னியப்பன் தலை தெரிந்தது. "மதாம் செல்வாம்பாள்! ரூமெல்லாம் பாக்கி இருக்கே... நாளைக்கு வருவீங்களா?"

அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தாள்.

"எட்டு மணிக்கு வர்றேன் மொசியே. அதுக்கு முன்னாடி அந்தக் கம்பளத்தை நீங்களும் மேனேஜர் சாரும் தூக்கியாந்து கூடத்துல விரிச்சு வைங்க. வேற யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு மடிப்பு தெரிஞ்சாலும் நான் படியேற மாட்டேன்."

ஸ்கூட்டர் துமாஸ் வீதி திரும்பி மறைந்தது. நிர்மலாதேவியும் தமிழ்மாறனும் வாசலைத் தாண்டும்போது, மாடிப்படியில் கனமாக ஏதோ புரண்டு விழும் சத்தமும், "நோன், நோன், உன் பக்கம் தூக்குடா விக்ரம்!" என்ற அலறலும், அதற்கு மேலே, முறுக்கு அச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி வயிறு வலிக்கச் சிரிப்பதும் கேட்டன.